நடுவில் என்ன இருக்கிறது?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கிருஷ்ணகிரி பஸ்ஸைக் காணோம். பக்கத்தில் இரண்டு பெரிய துணிப் பைகளோடு ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்தார்.

"சார், நீங்க கேலக்ஸி சார்தானே?"

எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

"நான் நாகவேணிங்க சார். போச்சம்பள்ளி கம்பெனிக்குப் பேச வந்தீங்களே, அப்ப கேள்வி கேட்டேனே..."

(பெயரை மாற்றியிருக்கிறேன். இந்த முறையாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?)

இரண்டு வருடம் இருக்கும். நட்சத்திரங்களைப் பற்றி இந்தப் பத்தியில் நான்கைந்து வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தக் கம்பெனியில் பேசக் கூப்பிட்டார்கள். கேன்டீன் நிறைய ஆட்கள். நமது பால்வெளி மண்டலத்துக்கு வெளியே இதே மாதிரி கோடிக்கணக்கான கேலக்ஸிகள் இருக்கின்றன, நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஆண்ட்ரோமெடாவிலிருந்து வெளிச்சம் வந்து சேரவே இருபத்தைந்து லட்சம் வருடம் ஆகும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கினேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். கடைசி வரிசையில் நாகவேணி மட்டும் எழுந்தார்.

"அந்தக் கேலக்ஸிக்கும் நம்ம கேலக்ஸிக்கும் நடுவுல என்ன சார் இருக்குது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே? முன்வரிசையில் அவர்களுடைய சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை.

"ஒண்ணுமே இல்லம்மா... உங்க சூப்பர்வைசர் தலையில என்ன இருக்குதோ, அதேதான்."

கேன்டீனே சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். நாகவேணி உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் இதே பத்தியில் அதை எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்ததாக உங்களில் சிலர் கடிதம்கூடப் போட்டீர்கள்.

"இன்னும் அங்கதான் வேலையாம்மா?"

"இல்லைங்க சார். நின்னுட்டேன்."

"ஏன்?"

தயங்கினார். நான் விடவில்லை.

"நான்தான் சொல்லிக் குடுத்து உங்கள அப்பிடிப் பேச வெச்சேன்னு சூப்பர்வைசர் நெனச்சிட்டாருங்க. எவ்ளோ சொல்லியும் நம்பல. மறுவாரமே, உக்காந்து பாக்கற இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல இருந்து தூக்கி பேக்கிங்ல போட்டுட்டாரு. எட்டு மணி நேரமும் நின்னுக்கிட்டே. பாப்பா பொறந்து, ஆபரேஷன் ஆன ஒடம்பு சார். மூணு மாசம் பாத்தேன். முடியல."

ஆறு வருடம் பார்த்த வேலை. லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்களாம். இப்போது பாரூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். பைகளில் இருந்தது அதற்கான துணி.

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் வேணா கம்பெனியில பேசிப் பாக்கட்டுமா?"

"வேணாங்க சார். நீங்க பேசித்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

'தெரியாது' என்ற சொல் வாயில் வராதபோதுதான் நம்மில் பலருக்கு நகைச்சுவை வருகிறது. சிரித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேசியவனும் சால்வையோடு கிளம்பிவிடுவான். கேள்வி கேட்டவர்தான் மறுநாள் காலை அதே சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க வேண்டும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மன்னிப்புக் கேட்டேன்.

"அட, அத விடுங்க சார்" என்றார். போன் வந்தது. "வஸ்துன்னா, வஸ்துன்னா" என்று தெலுங்கில் யாருக்கோ வருவதாகச் சொல்லி வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆனா சார்... நடுவுல நெசமாவே ஒண்ணும் இல்லைங்களா?"

இருக்கிறது. அந்தக் கூட்டம் முடிந்த சில நாட்களிலேயே படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்குச் சொல்லி அனுப்பத்தான் தோன்றவில்லை. இப்போது சொன்னேன். ஓர் அறை அளவு இடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம் — அவ்வளவு கொஞ்சமாக அணுக்கள் பரவிக் கிடக்கின்றன. எந்தக் கேலக்ஸியிலும் சேராத நட்சத்திரங்களும் உண்டு. கேலக்ஸிகள் ஒன்றையொன்று நெருங்கி இழுக்கும்போது வெளியே வீசப்பட்டவை.

"தனியாவா கெடக்குது?"

"தனியாத்தாம்மா."

பாரூர் பஸ் வந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"இதெல்லாம் இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா சார்?"

எனக்காக அவரே ஒரு சமாதானம் தேடிக் கொடுத்தார். "ஆமாம்மா, இப்பத்தான்" என்று வெட்கமில்லாமல் அதையும் வாங்கிக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

இல்லை, நாகவேணி. அன்றைக்கே வானியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மைக் பிடித்தவனுக்குத்தான் தெரியவில்லை.