டி.வி. பெட்டிக்குள் ஒரு பஸ்

பஸ்ஸைக் கிளப்புமுன் ஞானபாக்கியம் டீச்சர் வாயாலேயே 'பாம் பாம்' என்று ஹார்ன் அடிப்பார். பஸ் என்றால், கம்ப்யூட்டரோடு மாட்டிய டி.வி. திரையில் நகரும் பச்சைக் கட்டம். வேன் அதைவிடச் சின்னக் கட்டம். தென்காசிப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து, எண்பத்தேழில், கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பிள்ளைகள் நம்பின. அந்த நம்பிக்கையை டீச்சர் கெடுக்கவில்லை.

நிஜ பஸ், குற்றாலம் ரோட்டில் சீசன் கூட்டத்தில் நின்ற வேன்மீது முட்டியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை, டிரைவர் வல்லிநாயகத்தின் வேலைதான் ஊசலாடியது. பிரேக் போட்ட பிறகும் வழுக்கிய தூரத்தைப் பார்த்து, கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். முன் சீட்டில் இருந்த டீச்சர், "உருட்டிக்கிட்டுதான் வந்தாரு" என்று சாட்சி சொன்னார்.

"மெதுவா வந்த பஸ் எப்படிம்மா அவ்வளவு தூரம் போவும்?" என்றார் விசாரணை அதிகாரி கைலாசம்.

"சொன்னா நம்ப மாட்டீயளா? சரி, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு ஓட்டிக் காட்டுதேன்."

காட்ட முடியவில்லை. மெதுவாக விட்டால் பச்சைக் கட்டம் நல்ல பிள்ளையாக வேனுக்கு முன்னாலேயே நின்றது. வேகத்தைக் கூட்டினால் முட்டியது, வல்லிநாயகம் மாட்டினார். சாரல் ஈரத்தைக் கணக்கில் சேர்த்தும் போதவில்லை. டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் முட்டிய இடத்தைப் பார்க்கப் போனவர், எண்ணெய்க்கடை முன்னால் சறுக்கி உட்கார்ந்தார். எழுந்திருக்காமல் ரோட்டை விரலால் வழித்து மோந்து பார்த்தார். அருவிக்குப் போகிறவர்கள் மேலெல்லாம் பூசிக்கொண்டு, சொட்டச் சொட்ட நடக்கும் எண்ணெய்!

"டீச்சர், எதையும் தொலைச்சிட்டீயளா?" என்று பதறினார் கடைக்காரர் ஹபீபுல்லா.

"தொலைக்கல பாய், கெடச்சிருக்கு!"

பள்ளிக்கூடத்து வில்தராசில் டயர்த் துண்டைக் கட்டி, அந்த ரோட்டில் இழுத்து இழுத்து வழுக்கலை அளந்தார். ஈரத்துண்டோடு கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"நாய்க்குட்டியா டீச்சர்?"

"ஆமா, கடிக்கும். தள்ளி நில்லுலே!"

திங்கட்கிழமை கைலாசமும் வல்லிநாயகமும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார்கள். அளந்த வழுக்கலைக் கணக்கில் சேர்த்து, டீச்சர் மெதுவாகத்தான் விட்டார். பிரேக் போட்டும் கட்டம் எண்ணெய் ரோட்டில் வழுக்கிக்கொண்டே போய் வேனில் முட்டியது. கைலாசம் வேகத்தைத் தானே தட்டி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "மறுபடி விசாரிக்கணும்னு எழுதுதேன்" என்று சொல்லிப் போனார்.

வல்லிநாயகம் எழவில்லை. கட்டம் வேனை நெருங்கிய ஒவ்வொரு தடவையும் அவர் வலது கால் சிமெண்டுத் தரையை மிதித்தது. இப்போதும் மிதித்தபடியே இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். கணக்கிலிருந்து எண்ணெயையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, அதே வேகத்தில் பஸ்ஸை அவருக்காக இன்னொரு தடவை விட்டார். அது வேனுக்கு வெகு முன்னால் நின்றது.

வல்லிநாயகம் மெல்லக் காலை எடுத்தார்.