ஒற்றி வீடும் ஒருவருடைய புகையிலையும்

போன வெள்ளிக்கிழமை பலாலி ரோட்டில் ஒருவர் என் சைக்கிளை மறித்தார்.

முன்பு என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பாங்குக் கடிதம். டைப் அடித்த நாலு வரி. நான் அதை வாசிக்கவேயில்லை. லோன் தருகிறவர்கள் இரண்டு பக்கத்துக்கு நிபந்தனை எழுதுவார்கள். தராதவர்களுக்கு நாலு வரி போதும்.

"வீடு வாங்கக் கேட்டனான். இல்லையெண்டிட்டாங்கள். இனி என்ன வழி? நீர் உதிலை அடிபட்ட ஆளெல்லோ, சொல்லும் பாப்பம்" என்றார்.

அடிபட்ட ஆள்! பள்ளிக்கூடம் தராத பட்டத்தை ரோட்டில் வைத்துத் தந்துவிட்டார். ஆனால் இது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடிகிற கதையா? "பத்திரிகையிலை எழுதுறன், வாசியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே இந்த வாரம் இது.

கல்யாணம் முடித்து ஏழு வருஷத்தில் நாங்கள் நாலு வாடகை வீடு மாறியிருக்கிறோம். முதல் வீட்டுக்காரருக்கு மகளுக்குக் கல்யாணம் பொருந்தியது. வீடு சீதனமாகப் போனது. இரண்டாவது வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீட்டுக்காரருக்கு மகள் இல்லை, நிம்மதி என்று இருந்தோம். தங்கச்சியின் மகள் ஒருத்தி இருந்தாள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்குப் போகிறவன் கூரையில் ஒழுக்கு உண்டா என்று பார்க்க முதல், வீட்டுக்காரரின் குடும்பத்தில் கல்யாண வயதில் எத்தனை பெண்கள் என்று பார்க்க வேண்டும்.

சரி, உன் மனைவிக்குச் சீதனம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சாவகச்சேரிப் பக்கம் ஒரு தென்னங்காணி, அதுவும் தங்கச்சியோடு பிரிபடாத பங்கு. வருஷத்துக்கு இரண்டு சாக்குத் தேங்காய் வரும். தேங்காய்க்குள் குடியிருக்க முடியாதே!

நாலாவது வீட்டிலும் எழும்பச் சொன்னார்கள். "இஞ்சாருங்கோ, அம்மியை இனி ஒருக்கா வண்டியிலை ஏத்தச் சொன்னியளோ, அம்மியோடை நான் எங்கடை ஊருக்குப் போறன்" என்றாள் ராசம்மா, என் மனைவி. அவள் சொன்னால் செய்கிறவள். ஏற்கெனவே ஒரு தரம் போயிருக்கிறாள். திருப்பிக் கூட்டிவர எனக்குப் பதினொரு நாள் பிடித்தது.

அந்த நேரத்தில்தான் சின்னத்தம்பியண்ணையின் வீடு விலைக்கு வந்தது. அவர் சண்டிலிப்பாய்க் கமக்காரர். பலாலி ரோட்டுத் திருநெல்வேலியில் அவருக்குத் தகப்பன் வழி முதுசமாக வந்த வீடு: மூன்று அறை, ஓட்டுக் கூரை, பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிஷம். அவருக்கு அதை விற்றுத் தன் தோட்டக் கிணற்றை ஆழமாக்கி, இரண்டு மடங்கு புகையிலை வைக்க ஆசை. பிள்ளைகள் இரண்டும் ஆண்கள். ராசம்மா இதை இரண்டு இடத்தில் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

கையில் இருந்தது பாதிப் பணம். மீதிக்குப் பட்டணத்தில் ஒரு பாங்குக்கு அப்ளிகேஷன் போட்டேன்.

மானேஜர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர். வீட்டு உறுதிப் பத்திரத்தை மொழிபெயர்ப்பித்து மேசையில் வைத்திருந்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். 'கிணற்றில் எட்டில் மூன்று பங்கு' என்று இருந்த இடம்.

"மிஸ்டர், இந்தக் கிணற்றின் மற்ற எட்டில் ஐந்து எங்கே இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதே கிணற்றில்தான், சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கோ வாத்தியார் புத்தி. விளங்காதவனைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. கிணறு இரண்டு வளவுக்கும் நடு எல்லையில் இருப்பது, எட்டு நாளில் மூன்று நாள் எங்கள் இறைப்பு முறை, குடிதண்ணீர் எந்த நாளும் அள்ளலாம், துலா பொதுவில், வாய்க்கால் பக்கத்து வளவால் வருகிறது — எல்லாவற்றையும் தாளில் படம் கீறிக் காட்டினேன். காட்டக் காட்ட அவர் முகம் வாடிக்கொண்டே போனது.

"நீங்கள் பணம் கட்டாவிட்டால் நாங்கள் வீட்டை ஏலம் விட வேண்டும். கிணற்றில் மூன்று நாளை எப்படி ஏலம் விடுவது?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் பிறந்தவன் எவனும் கேட்காத கேள்வி. 'கிணறு உண்டு' என்று சொல்லி நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். படம் கீறித்தான் கெட்டேன். இரண்டு வாரத்தில் நாலு வரி வந்து சேர்ந்தது.

அடுத்து என்ன வழி? நண்பர் கேட்டது இதைத்தானே... நான் போன வழிகளைச் சொல்கிறேன்.

பெரியகடையில் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் போனேன். கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார். கிணற்றைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ராசம்மாவின் கழுத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சோடாவுக்கு நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன்.

ஊர் ஐக்கிய நாணய சங்கத்துக்குப் போனேன். செயலாளர் தலையைச் சொறிந்தார். "மாடு வாங்க எண்டால் தரலாம் மாஸ்டர். விதைக்கும் தரலாம். வீட்டுக்கெண்டு சட்டத்திலை இல்லை. மாட்டுக்கொட்டில் எண்டு எழுதுவமோ?" என்றார். எழுதியிருக்கலாம். அவர்கள் தருகிற தொகைக்கு மாட்டுக்கொட்டில்தான் வந்திருக்கும்.

மலாயாவில் ரயில்வேயில் இருக்கிற மச்சானுக்கு எழுதினேன். ஆறு பக்கத்தில் பதில் வந்தது. பாங்குக்காரர் நாலு வரியில் சொன்னதை மச்சான் ஆறு பக்கத்தில், மிகுந்த அன்போடு சொல்லியிருந்தார். கடைசிப் பக்கத்தில் 'அவசரப்பட வேண்டாம்' என்று புத்திமதி வேறு.

சீட்டுக் கட்டச் சொன்னார்கள். எனக்குச் சீட்டு விழுகிற காலத்தில் பென்சனும் வந்துவிடும்.

இந்த வழிகளையெல்லாம் நண்பரும் ஒரு தரம் சுற்றிப் பார்க்கலாம். நடை உடம்புக்கு நல்லது.

சின்னத்தம்பியண்ணை சனிக்கிழமைகளில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுவருவார். அவரிடம் கையை விரிக்கத்தான் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"காசு சரிவரேல்லைப் போலை."

"ஓம் அண்ணை. நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ."

கத்தரிக்காயை நிறுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "வேறை ஆள் என்னத்துக்கு? உங்கடை கையிலை உள்ளதைத் தாங்கோ. ஒற்றிக்கு இருங்கோ. கிணத்தை ஆழமாக்க எனக்கு அது காணும். புகையிலை சரிவந்தால் மீட்கிறன். வராட்டில் நீங்கள் இருந்துகொள்ளுங்கோவன்."

ஒற்றி என்றால் எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. கொழும்பில் இருந்து வாசிப்பவர்களுக்காக: பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டில் குடியிருப்பது. எங்களுக்கு வாடகை இல்லை, அவருக்கு வட்டி இல்லை. அவர் பணத்தைத் திருப்பித் தருகிற அன்று நாங்கள் சாவியைத் திருப்பித் தரவேண்டும்.

நொத்தாரிசு கந்தோரில் பத்திரம் எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். ராசம்மா சிரித்தாள். "கடன் கேக்கப் போன மனிசன் கடன் குடுத்திட்டு வந்து நிக்கிறியள்!"

உண்மைதானே? லோன் வாங்கத் தகுதியில்லை என்று எழுத்தில் பெற்றவன், ஒரே மாதத்தில் லோன் கொடுத்தவனாகிவிட்டேன். என்னிடம் அப்ளிகேஷன் போடாமலே ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்!

ஆவணியில் குடிபுகுந்தோம். நல்ல வீடு. காற்று வரும் யன்னல்கள். அம்மி அதற்குரிய இடத்தில் போய்க் குந்திக்கொண்டது. ஒரு நாள் ராசம்மா மாங்கன்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வளவில் நின்றாள்.

"நடட்டோ?"

"வாழை நடும்" என்றேன். வாழை ஒரு வருஷத்தில் குலை தள்ளிவிடும். மா காய்க்கும்வரை இருப்போமா என்று யாருக்குத் தெரியும்? கன்றைப் பக்கத்து வளவுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு சனிக்கிழமையும் சந்தைக்குப் போகத் தவறவில்லை. "கண்டு நட்டாச்சோ அண்ணை?" "இலை எப்பிடி, தடிப்போ?" "மலையாளத்துக்கு ஏத்துற இலை இந்த முறை என்ன விலைக்குப் போகுமாம்?" சின்னத்தம்பியண்ணை நின்று நிதானமாக எல்லாம் சொல்லுவார். ஆழமாக்கின கிணற்றில் தண்ணீர் பால் போல ஊறுகிறதாம். இலை ஒவ்வொன்றும் ஒரு முழமாம். இப்படி ஒரு பயிரைத் தன் வாழ்க்கையில் வைத்ததில்லையாம். நான் 'நல்லது, நல்லது' என்று சொல்லிக் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் கத்தரிக்காய்க் கறி இறங்காது.

வெட்டுகிற பருவத்தில் மழை பெய்தால் புகையிலை போயிற்று என்பதையும் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். சிலப்பதிகாரம் படிப்பிக்கிறவன், மாசி மாதத்தில் வகுப்பு யன்னலால் வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ராசம்மா ஒரு வெள்ளிக்கிழமை நல்லூர்க் கோயிலுக்குப் போய்வந்தாள். என்ன வேண்டினீர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைத் திருப்பிக் கேட்பாள்.

மழை பெய்தது. மாசிக் கடைசியில், காலம் தப்பி, இரண்டு நாள் விடாமல் பெய்தது.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் அவரைக் காணவில்லை. ஞாயிறு காலை வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். கதிரையின் நுனியில் இருந்தார். தன் வீட்டில் விருந்தாளியாக இருக்கிற மனிதர் எப்படி இருப்பாரோ, அப்படி.

"முடிஞ்சுது மாஸ்டர். இலையெல்லாம் புள்ளி விழுந்து அழுகிப் போச்சு. மாட்டுக்கும் உதவாது."

எனக்குச் சந்தோஷம் வந்தது.

உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இனி இரண்டு வருஷத்துக்கு அசையத் தேவையில்லை, மூன்றாகவும் இருக்கலாம் என்று மனம் ஓடியது. வாய் மட்டும், "ஐயோ அண்ணை, இப்பிடியும் நடக்குமோ" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் கெட்டவன் இல்லை என்று இதுவரை நம்பியிருந்தேன். அந்த நிமிஷத்தில் அதை யாரும் உறுதியில் எழுதித் தந்திருக்க மாட்டார்கள்.

சின்னத்தம்பியண்ணை என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் மனம் நோகாதையுங்கோ மாஸ்டர். இந்தப் போகம் முழுக்க, ஒரு சனி தவறாமல் என்ரை பயிரைப் பற்றி விசாரிச்சது நீங்கள் ஒருத்தர்தான். கூடப் பிறந்தவன் ஒருக்காலும் கேக்கேல்லை. ஊர்க்கதையாய் உங்கடை காதிலை விழக்கூடாது, நானே போய்ச் சொல்லோணும் எண்டுதான் வந்தனான்."

தேத்தண்ணியோடு வந்த ராசம்மா வாசலிலேயே நின்றாள். மூக்குப்பேணியை மேசையில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் உள்ளே போக முடியாது. எதிரில் இருந்து அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, பாங்கு இல்லை என்று சொன்னால் தாராளமாக ஒற்றிக்கு எடுங்கள். வீட்டுக்காரர் மட்டும் நல்ல மனிதராக இருந்துவிடக் கூடாது.