விபூதியில் தெரிந்த கோடு: மலைச் சைக்கிளோடு குன்றாண்டார்கோவில் பக்கம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். பொன்னம்மாள் ஆகிய நான். என் மகன் வழிப் பேத்தி அகிலா. குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டிவந்த ராசு. என் வீட்டுக்காரருடைய தம்பி சிதம்பரம். கீரனூரில் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியம். ஆறாவதாக ஒரு ஆள் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு மறதி கிடையாது.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. அடுத்த ஞாயிறு ஊட்டிப் பக்கம் ஒரு மலைச் சைக்கிள் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே அகிலா சைக்கிளில் மலை இறங்கிக் காட்ட வேண்டும். தேறினால் இமயமலை அடிவாரத்தில் மூன்று மாதம் பயிற்சி. அவளுக்கு இருபத்து நான்கு வயது, ஆஸ்பத்திரி லேபில் வேலை. இருபத்தைந்து ஆகிவிட்டால் அந்தக் குழுவில் சேர்க்க மாட்டார்களாம். ஆக இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு, இந்த ஞாயிறுதான் கடைசிப் பயிற்சி.

"நீ எதுக்கு அப்பத்தா வெயில்ல வாரே?" என்று கேட்டாள்.

"நீ உருண்டு விழுந்தா பொறுக்கி எடுத்துட்டு வர ஒரு ஆளு வேணும்ல?" என்றேன்.

மலைச் சைக்கிளோடு புதுக்கோட்டைப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்காக வழியைச் சரியாகச் சொல்கிறேன். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலை 5.40க்குக் கிளம்பினோம். குட்டியானைக்குப் போக வர 1,800 ரூபாய். ராசு முதலில் 2,200 கேட்டான். அவன் கல்யாணத்துக்கு நான் எத்தனை பலகாரம் சுட்டுக் கொடுத்தேன் என்று எண்ணிக்கையோடு சொன்னேன், குறைத்துக்கொண்டான். சைக்கிளைப் பின்னால் பழைய மெத்தை மேல் படுக்க வைத்து, சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி, சேலைத் துணியால் கட்டினோம். கயிற்றால் கட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும்.

திருச்சி ரோட்டில் நார்த்தாமலை தாண்டும்போது மணி 6.10. பனிக்குள்ளிருந்து பாறைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கீரனூரில் 6.35க்கு டீ, ஒன்று 12 ரூபாய், சர்க்கரை அதிகம். ஆரோக்கியம் அங்கேதான் வண்டியில் ஏறினார். மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் கிரேனுக்கும் பொக்லைனுக்கும் எண்ணெய் சிலிண்டர் பிரித்து மாட்டியவர். இங்கே கல் குவாரி வண்டிகளும் போர்வெல் வண்டிகளும் அவரைத் தேடி வருகின்றன. சைக்கிள் வேலைக்கு எதற்கு இவர் என்று நான் கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே சாதி ஆத்தா. இதுல எண்ணெய் ஒரு டம்ளரு, அதுல ஒரு பீப்பாய். அம்புட்டுத்தான்" என்றார்.

பாறை இருக்குமிடம் குன்றாண்டார்கோவிலுக்கு முன்னாலேயே இடது பக்கம் திரும்பும் மண் ரோட்டில். வீட்டிலிருந்து மீட்டரில் 38 கிலோமீட்டர். மொட்டைப் பாறை என்பார்கள். கோயில் இல்லை, குகை இல்லை, கல்வெட்டு இல்லை. உயரம் எழுபது அடி இருக்கும், சரிவு முந்நூறு அடி நீளம். போகிற பாதை என் கொழுந்தன் சிதம்பரத்தின் கடலைக் கொல்லை வழியாக. அதனால்தான் அவர் வந்தார்.

அவரோடு நான் பேசி அன்றைக்குப் பதினாலு வருஷம். என் மகள் கல்யாணத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு பந்தியிலிருந்து எழுந்து போனவர் அவர். மூன்றாவது வரிசை, ஐந்தாவது இலை. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தன்னை முதல் வரிசைக்குக் கூப்பிடவில்லையாம்.

வரப்பில் எங்களைப் பார்த்ததும், "அகிலா, ஒன் அப்பத்தாவுக்கு மோரு வேணுமான்னு கேளு" என்றார். நான் ரெண்டு முழம் தள்ளித்தான் நின்றேன்.

"வேணாம்னு சொல்லு அகிலா" என்றேன்.

"ரெண்டு பேரும் எனக்குக் கூலி குடுங்க" என்றாள் அவள்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வரை படித்தவள் நான், தவறாகச் சொன்னால் தெரிந்தவர்கள் திருத்தலாம். இது ஏறுவதற்கான சைக்கிள் இல்லை, இறங்குவதற்கு மட்டும் செய்தது. முன்னால் ரெண்டு கால் போல ரெண்டு குழாய், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும், உள்ளே காற்றும் எண்ணெயும். பின்னால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை தனியாக ஆடும், அதைத் தாங்க நடுவில் ஒரு குட்டிக் காற்றுச் சிலிண்டர். அதில் அடித்திருக்கும் காற்று லாரி டயரில் இருப்பதை விட அதிகம். சாதாரண பம்பு அதற்கு ஆகாது, தனிப் பம்பு.

ஓட்டுவதற்கு முன்னால் அகிலா அதைச் சோதித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழுக்குக் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதைக் கீழே தள்ளிவிட்டு சைக்கிள் மேல் மெதுவாக ஏறி நின்று இறங்கினாள். வளையம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைத்தாள். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள், ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் லொட லொட என்றால் இறுக்க வேண்டுமாம். பிறகு மெத்தென்ற துணியால் குழாயைத் துடைத்தாள். ஒரு மணல் துகள் குழாய் வாயில் இருக்கும் ரப்பர் சீலுக்குள் போனாலும் குழாயைக் கீறி எண்ணெயைக் கசிய விட்டுவிடும் என்றாள். அந்த வாரம் நான் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றை அந்தக் குழாயில்தான் கட்டியிருந்தேன். அதை அவிழ்த்து ஹேண்டில்பாரில் கட்டிவிட்டிருந்தாள்.

7.50க்குப் பாறை மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ராசு போனில் நேரம் பிடித்தான். நான் பாறையடியில் நின்றேன்.

அதை எப்படிச் சொல்ல! உச்சியில் ஒரு புள்ளி அசைந்தது. அடுத்த மூச்சுக்கு அவள் பாதிப் பாறையில் இருந்தாள். ஆடு கூட நின்று யோசிக்கும் இடம் அது. முழங்கால் உயரப் படி, அதற்குக் கீழே உடைந்த கல், அதற்குக் கீழே மழைநீர் அறுத்த பள்ளம். சக்கரங்கள் ரெண்டும் உலையில் அரிசி துள்ளுவதுபோல் துள்ளின. அவள் தலை மட்டும் அசையவில்லை. அந்தத் தலையில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. ஒரு இடத்தில் ரெண்டு சக்கரமும் பாறையை விட்டு மேலே போய்விட்டன, அடியில் வானம் தெரிந்தது. எழுபத்தொரு வயதில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். என் வயிற்றுப் பிள்ளை பெற்ற பிள்ளை ஆகாயத்தில் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்திரண்டு நொடி என்றான் ராசு. நான் கை தட்டினேன். அவள் தலைக்கவசத்துக்குள் சிரித்தாள்.

ஆனால் ஆரோக்கியம் சிரிக்கவில்லை. "பாப்பா, கடைசிப் பள்ளத்துல டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே?" என்றார்.

"கல்லு தெறிச்சிருக்கும்ணே."

"கல்லு தெறிச்சா வேற மாதிரி கேக்கும்."

அந்த ஆள் சத்தத்தைத் தேடிய விதத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் மேல் என்னை உட்கார வைத்து அமுக்கச் சொன்னார். டிக். பின்கை சேருமிடங்களில் உள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகுச் சாவி போட்டுப் பார்த்தார், எல்லாம் சரியான இறுக்கம். மறுபடி அமுக்கினேன். டிக். சக்கரத்தைக் கழற்றினார், காற்றுச் சிலிண்டரைக் கழற்றினார், பின்கையை மட்டும் விரலால் தூக்கி இறக்கினார். சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி ஆடியது. "பேரிங்கு நல்லாருக்கு. பாரம் ஏறினாத்தான் கத்துது. அப்ப இது எலும்புல இருக்கு" என்றார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்.

பின்கையில் வெல்டிங் வைத்துப் பற்றவைத்திருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. அதை உரிக்கப் போனார்.

"அது வேணாம்ணே. அழகுக்கு ஒட்டுனது" என்றாள் அகிலா.

"அழகு எங்கிட்டும் போயிராது" என்று உரித்துவிட்டார். அடியில் முடி மாதிரி ஒரு கீறல். பெயிண்ட் கீறலா, உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பையிலிருந்து மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து அந்த இடத்தில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு பையைத் துழாவினார். "சாக்பீஸ் பொடிய பட்டறையிலயே விட்டுட்டு வந்துட்டேன். வெள்ளப் பொடி எதாச்சும் இருக்கா ஆத்தா?"

என் சுருக்குப் பையில் விபூதிப் பொட்டலம் இருந்தது. ஆரோக்கியம் கர்த்தரைக் கும்பிடுகிறவர். கை நீட்டத் தயங்கினார். "தூவுங்க, சாமி ஒண்ணும் சொல்லாது" என்று நானே பிரித்துக் கொடுத்தேன். மெல்லிசாகத் தூவினார். பின்கை பால் வெள்ளையாக ஆனது. "இப்ப உக்காருங்க, அமுக்குங்க" என்றார். நான் அமுக்கினேன், ராசு அமுக்கினான். ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம்.

வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. யாரும் வரையாமல் தானாக. முதலில் நகக்கண் நீளம், பிறகு விரல் அகலம், பிறகு பற்றவைப்பைச் சுற்றி ஒன்றரை அங்குலம். உள்ளே ஒளிந்திருந்த எண்ணெயை விபூதி வெளியே உறிஞ்சிக் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறுபது வருஷம் நெற்றியில் பூசிய பொருள், உலோகத்துக்குள் இருப்பதைச் சொல்லும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"விரிசல்" என்றார் ஆரோக்கியம். "அலுமினியம் பாப்பா. பத்த வச்சா அந்த எடம் எளகிப் போயிரும், மறுபடி பதம் ஏத்துற அடுப்பு எங்கிட்ட இல்ல. பின்கையவே மாத்தணும்."

ஸ்டிக்கர் ஒட்டியது யாராக இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பயிற்சிக்கு வசதியாக என்று போன வாரம் வரை ஒரு மாதம் சைக்கிள் சிதம்பரத்தின் கொல்லை மோட்டார் ரூமில்தான் கிடந்தது. பதினாலு வருஷத்துக்குப் பிறகு நேராகவே கேட்டேன். "எது மேல போட்டு இடிச்சீக? மறைக்க ஸ்டிக்கர் வேற?"

அகிலாதான் பேசினாள். "நாந்தான் ஒட்டுனேன் அப்பத்தா. மூணு வாரமாச்சு. பாத்துக்கிட்டே இருந்தா ஓட்ட முடியல, அதான் மறச்சேன்."

சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மறுபடி மாட்டினாள். "ஒரே ஒரு ரன். இந்தச் சரிவுல இன்னொரு தடவ எறங்கிட்டாப் போதும். ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்கும்."

"தாங்கலாம், தாங்காமலும் போகலாம்" என்றார் ஆரோக்கியம். "பொக்லைன் கையி ஒடஞ்சா மண்ணு கொட்டும். இது ஒடஞ்சா நீ கொட்டுவே."

அவள் கேட்கிற மாதிரி இல்லை. சைக்கிளைத் திருப்பினாள். அப்போது சிதம்பரம் போய் அந்தக் குட்டிச் சிலிண்டரின் மூடியைத் திருகி, உள்ளே இருந்த ஊசியைச் சாவி முனையால் அழுத்திவிட்டார். புஸ்ஸென்று மொத்தக் காற்றும் போய் சைக்கிள் படுத்த மாடு மாதிரி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. தனிப் பம்பை எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"இப்ப ஓட்டு பாப்போம்" என்றார்.

"சின்னத் தாத்தா, குடுங்க!" என்று கத்தினாள், அழுதாள், பாறையில் தலைக்கவசத்தை வீசினாள். அவர் அசையவில்லை. என் பக்கம் திரும்பி, "உக்காருங்க அண்ணி. மோரு குடிங்க" என்றார். குடித்தேன்.

10.15க்குக் கிளம்பி 11.40க்கு வீடு வந்தோம். அகிலா முன்னால் உட்காராமல் பின்னால் சைக்கிளோடேயே வந்தாள். அடுத்த ஞாயிறு அவள் ஊட்டிக்குப் போகவில்லை. போன் போட்டு அடுத்த தடவை வரலாமா என்று கேட்டாள், வயது விதியைத் தளர்த்த முடியாது என்றார்கள். புதுப் பின்கை வர ஏழு வாரம் ஆயிற்று. இப்போது மறுபடி மொட்டைப் பாறையில் இறங்குகிறாள், எந்தக் குழுவிலும் இல்லாமல். நானும் போகிறேன். இருபது நொடிக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் என் வாய் திறந்தபடிதான் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: மாசிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு பாறை காலைச் சுடும். கொல்லைக்காரரிடம் கேட்காமல் வரப்பில் சக்கரம் வைக்காதீர்கள். சித்தன்னவாசல், நார்த்தாமலைப் பக்கம் பழங்காலத்துப் பாறைகளில் சைக்கிளை ஏற்றவே ஏற்றாதீர்கள், அவை ஓட்டுவதற்கு இல்லை. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வாட்டர் சர்வீஸ் கடையில் வேகத் தண்ணீர் அடித்துச் சைக்கிளைக் கழுவாதீர்கள், சீலுக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் தண்ணீர் போகும். மாதம் ஒரு தடவை பற்றவைப்பு இருக்கும் இடங்களை எல்லாம் துடைத்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெயும் விபூதியும். விபூதி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கோடு தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

சிதம்பரத்தின் பந்தி விஷயத்தை விட்டுவிட்டேன். மற்ற விஷயங்கள் இருக்கின்றன, அவை அவருக்குத் தெரியும். ராசுவின் மேல் கோபமில்லை. ஆரோக்கியத்துக்கு நான் கடமைப்பட்டவள். அன்றைக்கு இருந்த ஐந்து பேரில் மன்னிக்காதது ஒரு ஆளைத்தான். காலுக்குக் கீழே விரிசல் இருப்பது தெரிந்தே, என்னைப் பாறையடியில் நிற்க வைத்துவிட்டு ஆகாயத்தில் போனவள். அதற்குப் போய் என்னைக் கை தட்ட வைத்தவள். இதைத் தட்டச்சு செய்து போடப் போகிறவளும் அவள்தான், ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் பெயர் அகிலா.