தலைநகரைக் கொடுத்து விதை வாங்கியவர்

லெமுவெல் பிராட்டுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தேவாலயத்தில் பிரசங்கம் தொடங்கியதும் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று கால் மாற்றிக்கொண்டிருப்பார். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிறந்தவர், மிச்சிகனில் ஒருமுறை, விஸ்கான்சினில் ஒருமுறை சட்டசபைக்குப் போனார். இரண்டிலும் அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்ற சூட்டோடு வண்டியைக் கட்டிவிட்டார். மனைவி தீர்சா போன இடமெல்லாம் ஆப்பிள் கன்று நட்டாள். ஒன்றிலும் பழம் பறிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தது மினசோட்டாவில் ஹார்லோ என்ற ஊர். மாவட்டத் தலைநகரைப் பக்கத்து ஊரான பெக்ஸ்லியிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று ஊரே துடித்துக்கொண்டிருந்தது. நீதிமன்றம் வந்தால் வக்கீல்கள் வருவார்கள், விடுதி வரும், கடைகள் நிறையும். "நான் கொண்டு வர்றேன்!" என்று பிராட் பீப்பாய்மேல் ஏறி நின்று சொன்னார். ஜெயித்தார்.

மாநிலத் தலைநகரான செயின்ட் பாலில் குளிர்காலச் சபை கூடியது. நடுவில் சில நாள் விடுமுறை விட்டார்கள். மற்ற உறுப்பினர்கள் விடுதிக் கணப்பருகே சீட்டாட, இவர் பனிச்சறுக்கு வண்டி பிடித்து மேற்கே கிளம்பிவிட்டார். கோடையில் வெட்டுக்கிளி தின்ற நாடு அது. நார்வேயிலிருந்து வந்து குடியேறிய குன்ஹில்ட் என்பவள் தன் மண்வெட்டியைக் காட்டினாள். அதில் ஊறிய வியர்வை உப்புக்காக வெட்டுக்கிளிகள் பிடியைக்கூடக் கடித்து வைத்திருந்தன.

"அடுத்த வருஷம் எதை விதைப்பீங்க?" என்று கேட்டார்.

"விதைக் கோதுமையை அரைச்சு பிள்ளைங்களுக்குக் கொடுத்தாச்சு. சட்டம் போடுறவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."



பிராட் செயின்ட் பாலுக்குத் திரும்பி வந்தால், விவசாயிகளுக்கு விதை கொடுக்கும் மசோதா சபையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பெக்ஸ்லியின் உறுப்பினர் கொர்னீலியஸ் வாஸ் இவரைத் தாழ்வாரத்தில் மடக்கினார்.

"இந்தா பிராட், உன் தலைநகர மசோதாவைத் தூக்கி அடுப்புல போடு. என் ஆளுங்க விதைக்குக் கை தூக்குவாங்க."

"என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்கய்யா!"

"அது உன் பாடு."

அன்று முழுக்கத் தாழ்வாரத்தில் நடந்தார். குன்ஹில்டுக்கு இவர் தொகுதியில் ஓட்டில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. சாயங்காலம் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். விதை மசோதா தப்பிப் பிழைத்தது.

ஹார்லோ ரயிலடியில் கொல்லன் டியூக்ஸ்பரி காத்திருந்தான். பின்னால் பாதி ஊர்.

"எங்க ஓட்டைக் கொடுத்து எவனுக்கோ கோதுமை வாங்கிட்டு வந்திருக்கீரு! வெட்டுக்கிளியே தேவலாம்யா, அது ஓட்டுக் கேட்டு வரல!"

சிரிப்பும் வசையும் வீடுவரை துரத்தின. பிராட் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியை இழுத்தார்.

"டகோட்டாவுல நல்ல நிலமாம், தீர்சா."

"போய்ட்டு வாங்க. நான் வரல."

"விளையாடுறியா?"

"ரெண்டு தடவை தோத்துட்டு ஓடினீங்க, கூடவே வந்தேன். இப்ப என்ன தப்புப் பண்ணினீங்க, ஓடுறதுக்கு?"

பிராட் வெளியே போனார். வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் பனியில் ஒரு தடமே விழுந்தது. பிறகு உள்ளே வந்து பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

அடுத்த தேர்தலில் படுதோல்வி. பல வருஷம் ஊரில் பாதிப்பேர் முகம் கொடுக்கவில்லை. ரோடுகள் சேறாகி வண்டிகள் புதைந்து, மேற்பார்வைக்கு ஆள் கிடைக்காத ஒரு வசந்தத்தில், டியூக்ஸ்பரியே வாசலுக்கு வந்தான்.

"எப்பவும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கீரு. ரோட்டையும் பார்த்துக்கிட்டா என்னவாம்?"

பிராட் அதற்கு முன் வகித்த எதையும்விடச் சின்னப் பதவி அது. சாகும்வரை வருஷாவருஷம் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். முதல் வேலையாகப் பெக்ஸ்லி ரோட்டுக்குச் சரளை போட்டார். நீதிமன்றத்துக்குப் போக ஹார்லோக்காரர்களுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். டியூக்ஸ்பரி அதற்கும் முணுமுணுத்துக்கொண்டே வண்டியோட்டினான்.