அத்தான் போட்ட பொய் அதிர்வு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத்தான் சம்பளம். வீட்டில் சின்னதாக ஒரு பொய் சொன்னாலே காது சிவந்துவிடும் மனிதருக்கு இப்படி ஒரு வேலையை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவரும் அக்காவும் ஒரே ஆய்வுக்கூடம்; நான் தங்கியிருப்பது அவர்கள் வீட்டில். எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் கிளம்பும் ஈர்ப்பு அலை இங்கே வரைக்கும் வருமாம். நீண்ட குழாய்களுக்குள் லேசர் ஒளியை ஓடவிட்டு அந்த அதிர்வைப் பிடிக்கிறார்கள். அது அடங்கியபின் மெல்லிய எதிரொலி வருகிறதா என்று தேடுவது அக்காவின் வேலை. வந்தால், ஈர்ப்பும் அணுக்களை ஆளும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதற்கு முதல் தடயம் கிடைக்கலாம் என்பாள். எனக்கு அது அரைகுறையாகத்தான் புரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் இதைத்தான் தேடுகிறாள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அத்தான் எப்போதாவது யாருக்கும் தெரியாமல் கருவிக்குள் ஒரு பொய் அதிர்வைப் போடுவார். மற்றவர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்கும் சோதனை. ஆய்வுக்கூடத் தலைவர் அறிவிக்கும்வரை பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக்கூடாது.

ஒரு நாள் அக்கா தோள்பையைக்கூட இறக்காமல் கத்தினாள். “எதிரொலி கிடைச்சிருச்சு!”

அத்தான் திருதிருவென்று விழித்தார்.

“இது நீங்க போட்டது இல்லையே?”

“அதைக் கேக்கக் கூடாதுன்னு உனக்கே தெரியும்.”

அந்த அதிர்வு அவர் போட்டதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அதில் அவர் எதிரொலி எதையும் வைக்கவில்லை. பிறகு இவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? சொன்னால் சோதனை பாழ். சொல்லாவிட்டால் அக்கா எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும். பாவம், மனிதர் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் அக்கா பேசி முடித்த கையோடு தலைவர் எழுந்து, அது சோதனை அதிர்வு என்று அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை.

“அதுல எதிரொலி வச்சீங்களா?”

“இல்ல.”

“அப்ப நான் பார்த்தது என்ன?”

“தெரியலம்மா.”

அக்கா தோள்பையை இறக்கி வைத்தாள். “இல்லாததை இருக்குன்னு காட்டுது என் கணக்கு. நல்ல வேளை, நீங்க சொல்லல. சொல்லியிருந்தா இது தெரியாமலே போயிருக்கும்.”

பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

அத்தான் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். “நல்ல வேளைன்னுதானே சொன்னா?”

“ஆமா அத்தான்.”

“அப்புறம் ஏன் தலையணையைத் தூக்கிட்டுப் போறா?”