லிஸ்ட்டில் இருந்த திவ்யாவின் போன்

டிவியோடு சேர்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வாரமாக வைஃபை நிற்பதில்லை. எந்தப் படம் போட்டாலும் பாதியில் சுற்றுகிறது. இன்று சாயங்காலம் காந்திபுரத்திலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன்.

ரூட்டரில் கனெக்ட் ஆகியிருக்கும் போன்களின் லிஸ்ட்டைத் திறந்து பார்த்தவர் கேட்டார். "ஏனுங்க, திவ்யான்னு ஒரு போன் இருக்குதுங்க. உங்க ஊட்டுதுங்களா?"

திவ்யா என் மகள். எங்கள் சாதியில் இல்லாத பையனைக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருடமாக நான் அவளோடு பேசுவதில்லை.

"அது பழசா இருக்குமுங்க."

"இல்லீங்க, பழைய பாஸ்வேர்டுல இப்பத்தான் தானா கனெக்ட் ஆயிருக்குது."

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் அவள். குப்பை போடப் போகிறேன் என்று இறங்கிய என் மனைவி, மகள் கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் மேலே பார்க்கவே இல்லை.

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. உள்ளே வந்தால் லிஸ்ட்டில் அந்தப் பெயரும் இல்லை.

"ரீசெட் பண்ணி, பாஸ்வேர்ட மாத்திப்போட்டா சரியாயிருமுங்க."

"வேண்டாமுங்க," என்று அனுப்பிவிட்டேன்.

படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றாமல் இதைச் சரிசெய்ய வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.