டீச்சரின் மூன்று புளியங்கொட்டை

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஈரச் சிமென்ட் வாசனை அடித்தது. பழைய பஸ் ஸ்டாப் முனையில் திறந்து கிடந்த சாக்கடைக்கு சிலாப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஓரமாப் போங்கம்மா, இன்னும் காயல" என்றார் மேஸ்திரி. எனக்கு நகரத் தோன்றவில்லை. உங்களுக்கென்ன, நீங்கள் பார்த்தால் சிலாப் என்று நினைத்துப் போய்விடுவீர்கள். எனக்கு அது ஏழாம் நம்பர்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஏழாவது என்று அர்த்தம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, சித்திரை வீதிப் பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை. கடை மாடியில்தான் சங்கம் கூடும். தமிழில் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆக்கிய கையோடு காபி கொண்டுவரும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். ஒரு ஆண்பிள்ளை செயலாளர் ஆகியிருந்தால் ஃபிளாஸ்க்கைத் தூக்கச் சொல்லியிருப்பார்களா என்று இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

தலைவர் ரங்கராஜன் மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "மனுவுல மூணுக்கு மேல எழுதினா ஒத்தரும் படிக்க மாட்டா. மூணு போறும்" என்பார். கோரிக்கைகளோ எப்போதும் ஏழெட்டு இருக்கும். எந்த மூன்று மனுவில் போவது என்பதற்கு மாமா கண்டுபிடித்த வழிதான் புளியங்கொட்டை ஓட்டு. கோரிக்கைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர், அதன் அடியில் கோரிக்கை எழுதிய துண்டுச் சீட்டு. ஆளுக்கு மூன்று கொட்டை. பிரித்தும் போடலாம், ஒன்றிலேயே மூன்றையும் போடலாம். எதில் போட்டோம் என்று மட்டும் மூச்சு விடக்கூடாது. ஒரு வருஷம் யாரோ உளறி, கொசு மருந்துக்கு ஓட்டுப் போடாத சம்பந்தியோடு இன்னொரு சம்பந்தி ஆறு மாதம் பேசவில்லை.

சாக்கடை சிலாப்பைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவர் லூர்து டீச்சர். கணக்கு டீச்சராக இருந்தவர், தனியாக இருந்தார். தினமும் சர்ச்சில் சாயங்காலப் பூசைக்கு டவுனுக்கு பஸ்ஸில் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்புவார். கண்ணில் புரை. "கரெக்டா அந்தச் சாக்கடைகிட்டதாம்மா பஸ் நிக்குது. காலை எங்க வைக்கிறதுன்னே தெரியல" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் ஓட்டு நடந்தபோது கரண்ட் இல்லை. எல்லோரும் கொட்டை போட்டுவிட்டு, புழுக்கம் தாங்காமல் காபியோடு மொட்டை மாடிக்குப் போனார்கள். சீட்டுகளைப் பட்டியலோடு சரிபார்க்க நான் டம்ளர்களைத் தூக்கித் தள்ளி வைத்தேன். சரியாக அந்த நேரம் கரண்ட் வந்தது. மேலே ஃபேன் சுற்ற, ஏழு சீட்டும் அறையெங்கும் பறந்தன. பொறுக்கி எடுத்து நினைவை வைத்து டம்ளருக்கு அடியில் திருப்பி வைத்தேன். என் ஞாபகசக்தி மேல் அப்போது எனக்கு அவ்வளவு திமிர்.

மாமா எண்ணினார். பூங்கா விளக்குக்குப் பதினான்கு, முதலிடம். சாக்கடை சிலாப்புக்கு இரண்டு, கடைசி இடம். டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதில் போட்டோம் என்று வாய் திறக்கக்கூடாதே, மாமா வைத்த விதி அப்படி. மாமாவைத் தவிர எல்லோரும் போன பிறகு மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார். "நான் மூணையும் சிலாப்புக்குத்தாம்மா போட்டேன். ரெண்டுன்னு வருது. கண்ணு தெரியாம மாத்திப் போட்டுட்டேன் போல."

மூன்று போட்ட டம்ளரில் இரண்டு எப்படி இருக்கும்? சீட்டு மாறியது அந்தப் படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே போய் மாமாவிடம் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். காபி கொண்டுவரும் செயலாளருக்குச் சீட்டு வைக்கக்கூடத் தெரியவில்லை என்று சிரிப்பார்கள் என்று பயந்தேன். "பரவாயில்ல டீச்சர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். மறுநாள் மனுவை நானே டைப் அடித்தேன். முதல் கோரிக்கை பூங்கா விளக்கு.

மூன்றே மாதத்தில் விளக்கு வந்துவிட்டது. எங்கள் சங்கம் கேட்ட ஒன்று நிறைவேறியது அதுதான் முதல் தடவை. மாமா எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார், நானும் ஒன்று சாப்பிட்டேன்.

ஐப்பசி மழையில் ரோடும் சாக்கடையும் ஒன்றாகத் தண்ணீர் நின்ற ஒரு சாயங்காலம் டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இடுப்பெலும்பு போய்விட்டது. மணப்பாறையில் இருந்த மகள் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கட்டிலில் படுத்தபடியே மகளிடம், "இந்தப் பொண்ணுதான் எங்க செக்ரட்டரி. நான் ஓட்டை மாத்திப் போட்டதுக்கு இது பாவம் என்ன பண்ணும்?" என்றார். நான் தலையை ஆட்டினேன். கிளம்பும்போது மகள் ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தார். பஸ் திருச்சி வருவதற்குள் பாதி டப்பாவைத் தின்றிருந்தேன். அழுகை வரவில்லை. முறுக்கு நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் டீச்சர் இறந்த செய்தி வந்தபோதும் அப்படித்தான், ஒன்றுமே தோன்றவில்லை. இரங்கல் தீர்மானத்தைப் பிழையில்லாமல் டைப் அடித்தேன்.

மாமா இப்போது இல்லை. மாடியில் கூரியர் ஆபீஸ். சங்கம் வாட்ஸ்அப் குரூப்பாகிக் காலை வணக்கப் பூக்களோடு நின்றுவிட்டது. டம்ளர்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்று தெரியாது. பஸ் ஸ்டாப்பையே அடுத்த முனைக்கு மாற்றி வெகு காலமாகிறது.

"இங்க யாரும் எறங்கறதே இல்ல. யாரு கேட்டாங்கன்னு இப்ப சிலாப் போடச் சொல்றாங்களோ" என்றார் மேஸ்திரி, யாருக்கோ சொல்வதுபோல.

"ஒரு டீச்சர் கேட்டாங்க" என்றேன். "மூணு ஓட்டுப் போட்டாங்க. மூணும் சரியாத்தான் போட்டாங்க."

இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி கரண்டியோடு நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சரிங்கம்மா. கொஞ்சம் ஓரமாப் போங்க" என்றார்.